அம்மாவின் சுகர் 7-க்குள் இருக்க வேண்டுமா, 8 வரை போகலாமா? இரண்டு டாக்டர்கள் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள்

அமராவதிக்கரை:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுமையாகப் படித்துவிட்டு விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அம்மாவுக்கு 74 வயது. சுகர் வந்து 19 வருடம், பிரஷர் 12 வருடம். அப்பா போன பிறகு கரூரில் தனியாகத்தான் இருக்கிறார், நான் திருப்பூரில். பத்து வருடமாக ஒரே டாக்டர். அக்கறையான மனிதர், ஃபைலைத் திறக்காமலே அம்மாவின் மாத்திரைப் பெயர்களை வரிசையாகச் சொல்வார். அவருக்குக் கணக்கு ஒன்றுதான்: மூன்று மாத சுகர், அதாவது ஹெச்பிஏ1சி, 7-க்குக் கீழே இருக்க வேண்டும். பிரஷர் 130-க்கு 80. சித்திரையில் எடுத்தபோது 7.6 வந்தது. அதுவரை காலையில் மட்டும் போட்டுக்கொண்டிருந்த கிளிமிபிரைடு மாத்திரையை இரவும் ஒன்று போடச் சொன்னார்.

ஆடிப்பெருக்குக்கு ஊருக்குப் போயிருந்தேன். விடியற்காலை நாலு மணி இருக்கும், சமையலறையில் டப்பா உருளும் சத்தம். போய்ப் பார்த்தால் அம்மா தரையில் உட்கார்ந்திருக்கிறார். ரவிக்கை முழுக்க நனைந்து முதுகோடு ஒட்டிக் கிடக்கிறது, கை நடுங்குகிறது, சர்க்கரை டப்பாவின் மூடியைத் திறக்க முடியாமல் சும்மா அதையே சுற்றிச் சுற்றித் தடவிக்கொண்டிருக்கிறார். "அம்மா" என்று கூப்பிட்டேன். என்னைப் பார்த்து, செத்துப்போன பெரியம்மாவின் பெயரைச் சொன்னார். மெஷினில் குத்திப் பார்த்தால் அந்த நேரத்துச் சுகர் 51. மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தேன், கால் மணி நேரம் கழித்துத்தான் என்னை அடையாளம் தெரிந்தது.

அதற்கப்புறம் பயந்துபோய் கோயம்புத்தூரில் முதியோர் மருத்துவம் படித்த ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனேன். அவர் இரவு மாத்திரையை நிறுத்திவிட்டார். "அம்மாவுக்கு 8 வரை இருக்கலாம், 7-க்குக் கீழே கொண்டு போக வேண்டியதே இல்லை" என்றார். உட்கார வைத்து பிரஷர் பார்த்தார், 138. எழுந்து நிற்கச் சொல்லி மறுபடி பார்த்தார், 112. "இதற்கு மேல் குறைக்க வேண்டாம், தலை சுற்றி விழுந்துவிடுவார்" என்று ஒரு பிரஷர் மாத்திரையையும் பாதியாக்கினார்.

இதைப் பழைய டாக்டரிடம் சொன்னால், "எட்டெல்லாம் வைத்தால் கண்ணும் கிட்னியும் போய்விடும், பிறகு என்னிடம் வந்து அழக்கூடாது" என்கிறார்.

என்னைக் குழப்புவது இன்னொன்று. அதே கோயம்புத்தூர் டாக்டரிடம் என் தம்பியும் காட்டினான். அவனுக்கு 41 வயது, போன வருடம்தான் சுகர் என்று தெரிந்தது, 6.8 இருக்கிறது. அவனிடம் "இது போதாது, 6.5-க்குக் கீழே வா" என்று கறாராகச் சொல்லியிருக்கிறார். ஒரே டாக்டர், ஒரே குடும்பம், அம்மாவுக்கு 8, பையனுக்கு 6.5. அப்படியானால் வயதாகிவிட்டது, இனிமேல் எப்படி இருந்தால் என்ன என்று அம்மாவைக் கை கழுவுகிறார்களா? ராத்திரி படுத்தால் இதுதான் மண்டையில் ஓடுகிறது.

அம்மாவின் மற்ற ரிப்போர்ட்: கிட்னிக்குப் பார்க்கும் கிரியேட்டினின் 1.3, ஹீமோகுளோபின் 9.4. கண்ணில் சுகர் பாதிப்பு லேசாக ஆரம்பித்திருக்கிறது என்று இரண்டு வருடம் முன்பு சொன்னார்கள்.

செம்பருத்தி:

நான் உங்கள் பழைய டாக்டர் பக்கம். என் அப்பாவுக்கு 8, 8.5 என்றுதான் எப்போதும் இருக்கும், "பரவாயில்லை, பரவாயில்லை" என்றே பதினைந்து வருடம் ஓட்டினார்கள். 61 வயதில் ஒரு நாள் காலையில் பேப்பர் படிக்கும்போது எழுத்து மேல் சிலந்தி வலை மாதிரி தெரிகிறது என்றார். கண்ணுக்குள் ரத்தம் கசிந்திருந்தது. லேசர் வைத்தார்கள், ஊசி போட்டார்கள், ஒரு கண்தான் மிஞ்சியது. இன்றைக்கும் டம்ளரில் காபி எங்கே வரை இருக்கிறது என்று விரலை உள்ளே விட்டுப் பார்த்துத்தான் குடிக்கிறார். 8 போதும் என்று யார் சொன்னாலும் எனக்கு வயிறு எரிகிறது அக்கா. லோ சுகர் வந்தால் சர்க்கரை கொடுத்துச் சரி செய்யலாம், கண்ணை எங்கே போய் வாங்குவது?

பழைய ஸ்டெதாஸ்கோப்:

அரசு மருத்துவமனைகளில் பொது மருத்துவம் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அம்மாவை நேரில் பார்க்காமல் மாத்திரை சொல்ல மாட்டேன், அது தப்பு. ஆனால் இரண்டு டாக்டர்கள் ஏன் இரண்டு எண் சொல்கிறார்கள் என்பதைச் சொல்ல முடியும்.

முதலில் செம்பருத்திக்கு. உங்கள் அப்பா விஷயத்தில் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. நாற்பது, ஐம்பது வயதில் சுகர் வந்தவரை எட்டிலேயே விட்டு வைத்தது தவறுதான். அதற்கு ஆதாரம் 1998-லேயே வந்துவிட்டது. இங்கிலாந்தில் யுகேபிடிஎஸ் என்று ஒரு பெரிய ஆய்வு, புதிதாகச் சுகர் கண்டுபிடித்தவர்களைப் பத்து வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். ஒரு கூட்டத்துக்கு ஹெச்பிஏ1சி 7 அளவிலும் இன்னொரு கூட்டத்துக்கு 7.9 அளவிலும் இருந்தது. 7-இல் இருந்தவர்களுக்குக் கண், கிட்னி மாதிரி சிறு ரத்தக்குழாய் பாதிப்புகள் கால் பங்கு குறைந்தன. ஆய்வு முடிந்து பத்து வருடம் கழித்து 2008-இல் திரும்பப் பார்த்தபோது, ஆரம்பத்தில் நன்றாகக் கட்டுப்படுத்தியவர்களுக்கு மாரடைப்பும் குறைந்திருந்தது. நாங்கள் படித்து மனதில் ஏற்றிக்கொண்ட "7" பெரும்பாலும் இந்த வழியாக வந்ததுதான்.

இதில் கவனிக்க வேண்டியது, அந்த ஆய்வில் சேர்ந்தவர்கள் சராசரியாக ஐம்பத்து சொச்சம் வயதுக்காரர்கள், நோய் புதிது. இன்றைக்குக் கட்டுப்படுத்தினால் பலன் பல வருடம் கழித்து வரும். உங்கள் தம்பிக்கு 41, அவர் இன்னும் முப்பது நாற்பது வருடம் அந்தக் கண்ணையும் கிட்னியையும் வைத்துப் பிழைக்க வேண்டும். அதனால்தான் 6.5. அவர் போடுவது மெட்ஃபார்மின் என்ற மாத்திரை மட்டும் என்றால் சுகர் சடாரென்று இறங்கும் பயமும் அதிகம் இல்லை.

இதே 2008-இல்தான் எங்களை உலுக்கிய இன்னொரு ஆய்வும் வந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த அக்கார்டு. 10,251 பேர், சராசரி வயது 62, சுகர் வந்து பத்து வருடம் ஆனவர்கள், இதய நோய் இருப்பவர்கள் அல்லது வரும் ஆபத்துள்ளவர்கள். பாதிப் பேரை 6-க்குக் கீழே கொண்டு போகப் பார்த்தார்கள், மீதிப் பேரை 7-க்கும் 7.9-க்கும் நடுவில் விட்டார்கள். குறைக்கக் குறைக்க நல்லது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தபோது, இறுக்கிப் பிடித்த பக்கத்தில் 257 பேர், விட்டுப் பிடித்த பக்கத்தில் 203 பேர் இறந்திருந்தார்கள். ஆய்வின் அந்தப் பகுதியை இடையிலேயே நிறுத்திவிட்டார்கள். அந்தச் செய்தி வந்த வாரம் என் ஓபியில் உட்கார்ந்து, யாருக்கெல்லாம் இப்படி இறுக்கியிருக்கிறேன் என்று முகம் முகமாக நினைத்துப் பார்த்தது இன்னும் மறக்கவில்லை.

அதற்குப் பிறகு பெரிய சங்கங்களுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை. அமெரிக்க நீரிழிவுச் சங்கம் பெரும்பாலானவர்களுக்கு 7 என்கிறது, பல நோய்கள் சேர்ந்த முதியவர்களுக்கு 8 என்கிறது. அதே நாட்டில் ஹார்மோன் மருத்துவர்களின் சங்கம் முடிந்தவர்களுக்கு 6.5 என்கிறது. பொது மருத்துவர்களுக்கான ஏசிபி அமைப்பு 2018-இல், பெரும்பாலானோருக்கு 7-க்கும் 8-க்கும் நடுவில் இருந்தால் போதும் என்றது. எல்லோரும் படித்தது ஏறக்குறைய அதே ஆய்வுகளைத்தான். பிரஷரிலும் இதே கதை. 2014-இல் அமெரிக்காவில் ஒரு குழு 60 வயதுக்கு மேல் 150 வரை மாத்திரை தேவையில்லை என்றது. அடுத்த வருடமே ஸ்பிரிண்ட் ஆய்வு 120-க்குக் கீழே கொண்டு போனால் இறப்பு குறைகிறது என்று காட்டியது. 2017-இல் பிரஷர் நோயின் எல்லையையே 140-இலிருந்து 130-க்கு இறக்கினார்கள், ஒரே நாளில் அந்த நாட்டுப் பெரியவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் பிரஷர்காரர்கள் ஆனார்கள். ஐரோப்பா 2018-இல் 140-ஐயே வைத்துக்கொண்டது.

ஸ்பிரிண்டில் சுகர் உள்ளவர்களைச் சேர்க்கவே இல்லை, உங்கள் அம்மா அதில் நுழைந்திருக்கவே முடியாது. அதோடு அதில் பிரஷர் பார்த்த விதத்தைக் கேளுங்கள்: ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார வைத்து, பேசாமல், மெஷின் தானாக மூன்று முறை எடுத்துச் சராசரி போட்டது. நம் கிளினிக்கில்? மாடிப்படி ஏறி வந்து மூச்சு வாங்கும்போதே கையை நீட்டச் சொல்லி, ரவிக்கைக் கைக்கு மேலேயே பட்டையைச் சுற்றி, "காலையில் என்ன சாப்பிட்டீங்க" என்று கேட்டுக்கொண்டே எடுக்கிறோம். அந்த 120-ஐயும் நம் கிளினிக்கில் வரும் 150-ஐயும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

இன்னொன்று, ஒவ்வொரு டாக்டருக்கும் அவர் கண்ணால் பார்த்ததுதான் பயம். உங்கள் பழைய டாக்டர் கண் போனவர்களையும் டயாலிசிஸ் போனவர்களையும் வருடக்கணக்காகப் பார்த்திருப்பார். முதியோர் மருத்துவர் பார்ப்பது விடியற்காலை பாத்ரூமில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து வந்தவர்களை. என் விஷயத்தில், தொண்ணூறுகளில் எல்லோருக்கும் கிளிபென்கிளமைடு என்ற பழைய சுகர் மாத்திரையை எழுதிக்கொண்டிருந்த காலம். எழுபது வயதைத் தாண்டிய ஒரு நெசவாளியை மயக்கத்தில் தூக்கி வந்தார்கள். குளுக்கோஸ் ஏற்றினால் கண் விழிப்பார், இரண்டு மணி நேரத்தில் மறுபடி சரிந்துவிடுவார், இரண்டு நாள் டிரிப்ஸை நிறுத்தவே முடியவில்லை. மாத்திரை உடம்பை விட்டுப் போகவில்லை. எழுதியது நான்தான். அதற்குப் பிறகு வயதானவர்களுக்கு அந்த மாத்திரையை நான் தொட்டதில்லை.

உங்கள் அம்மாவின் கிரியேட்டினின் 1.3 என்றீர்கள். பார்க்கச் சின்ன எண்ணாகத் தெரியும். 74 வயதுப் பெண்ணுக்கு அதைச் சூத்திரத்தில் போட்டால் கிட்னி வடிகட்டும் அளவு 43 வாக்கில்தான் வரும், அது குறைவு. அப்படிப்பட்ட கிட்னியில் கிளிமிபிரைடு மாதிரி மாத்திரை கூடுதல் நேரம் தங்கும், இரவு இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் விடியற்காலையில் இறங்கத்தான் செய்யும். லோ சுகரைச் சர்க்கரை கொடுத்துச் சரி செய்யலாம் என்று செம்பருத்தி சொல்கிறார், கொடுக்க ஆள் இருந்தால் சரி. அன்று நீங்கள் ஊரில் இல்லாமல் இருந்திருந்தால்?

அதனால் 7-ஆ 8-ஆ என்பதைவிட எனக்கு 51-தான் பெரிய எண். பழைய டாக்டரிடம் அந்த 51-ஐச் சொன்னீர்களா? நீங்கள் எழுதியதில் அது இல்லை.

அமராவதிக்கரை:

டாக்டர் சார், மிகவும் நன்றி. இரண்டு தடவை படித்தேன், தம்பிக்கும் அனுப்பினேன்.

சொல்லவில்லை சார். கோயம்புத்தூரில் சொன்னேன், இவரிடம் சொல்லவில்லை. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு "அவர்கிட்டச் சொல்லாதே, ராத்திரி சரியாச் சாப்பிடலைன்னு திட்டுவார்" என்றார். அப்புறம் விசாரித்ததில், இதற்கு முன்பும் இரண்டு மூன்று தடவை விடிகாலையில் வியர்த்துப் படபடத்திருக்கிறது, வெல்லம் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கிறார். ஒருவரிடமும் சொல்லவில்லை. எனக்கே சொல்லவில்லை.

இன்னொன்று, நீங்கள் பிரஷர் பார்க்கும் விதத்தைச் சொன்னதும் ஞாபகம் வந்தது. மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வந்து பார்க்கும் அக்கா திண்ணையில் உட்கார வைத்துப் பார்த்தால் 128, 130 என்றுதான் அட்டையில் எழுதியிருக்கிறார். பழைய டாக்டரின் கிளினிக்கில் எப்போதும் 150-க்கு மேல்.

ரத்தக்குழாய்:

பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், லேப் டெக்னீஷியன் நான். 16 வருடமாக இதே வேலை. எல்லோரும் 7-ஆ 8-ஆ என்று பேசுகிறீர்கள், அந்த 7.6 சரியான 7.6-தானா என்று ஒருவரும் கேட்கவில்லை.

அக்கா, ஹீமோகுளோபின் 9.4 என்று எழுதியிருக்கிறீர்கள், அங்கேயே எனக்கு இடித்தது. ஹெச்பிஏ1சி என்பது ரத்தச் சிவப்பணுவில் சர்க்கரை எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்ற அளவு. சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் உயிரோடு இருக்கும், அதனால்தான் மூன்று மாத சுகர் என்கிறோம். இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால் இந்த எண் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டலாம். சிவப்பணு சீக்கிரம் அழியும் நோய் இருந்தாலோ, சமீபத்தில் ரத்தம் ஏற்றியிருந்தாலோ குறைத்துக் காட்டும். அம்மாவுடையது எந்த வகை ரத்தசோகை என்று பார்த்தார்களா? உடம்பில் இரும்புச்சத்து எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டின் டெஸ்ட் எடுத்தால் தெரிந்துவிடும். இரும்புச்சத்துக் குறைவுதான் என்றால், அந்த 7.6-ஐ நம்பி இரவு மாத்திரை சேர்த்ததே ஆட்டம் காண்கிறது. நிஜ சராசரி அதைவிடக் குறைவாக இருந்திருக்கலாம், விடியற்காலையில் 51 வரை இறங்கியதற்கும் அது பொருந்துகிறது.

ஒரு வாரம் வீட்டிலேயே மெஷினில் பாருங்கள்: வெறும் வயிற்றில், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, படுக்கும்முன், முடிந்தால் ஒரு நாளாவது விடியற்காலை மூன்று மணிக்கு. 7 என்றால் சராசரி 154, 8 என்றால் 183. நீங்கள் எடுத்ததோடு அது ஒட்டவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லலாம்.

வீட்டு மெஷினும் துல்லியமில்லை. சர்வதேசத் தர விதிப்படியே 100-க்குக் கீழே 15 புள்ளி முன்னே பின்னே இருக்கலாம். 51 என்று காட்டியது 36-ஆகவும் இருக்கலாம், 66-ஆகவும் இருக்கலாம். எப்படிப் பார்த்தாலும் 70-க்குக் கீழேதான், அதாவது லோ சுகர்தான், அதனால் அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் 118 நேற்று, 127 இன்று என்று குழம்பாதீர்கள்.

லேபிலும் பிசகு வரும். சுகருக்கு எடுக்கும் ரத்தத்தைச் சாம்பல் நிற மூடி போட்ட குழாயில் எடுக்க வேண்டும், அதில் ஃபுளோரைடு இருக்கும். வேறு குழாயில் எடுத்து வெயிலில் பைக்கில் இரண்டு மணி நேரம் சுற்றி வந்தால் ரத்தமே சர்க்கரையைத் தின்றுவிடும், மணிக்கு 5 முதல் 7 சதவீதம் இறங்கும். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் இதற்காகச் சண்டை போட்டிருக்கிறேன். கிராமத்துக் கலெக்‌ஷன் சென்டரிலிருந்து மதியம் வந்து சேரும் குழாய்களில் எல்லோருக்கும் சுகர் அருமையாக இருக்கும். அந்த ரிப்போர்ட்டைப் பார்த்து ஒரு டாக்டர் "பரவாயில்லை" என்பார், நல்ல ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர் "அய்யோ" என்பார். வீட்டில் இருப்பவர்கள் டாக்டர்களுக்குள் ஒத்துப்போகவில்லை என்று நினைத்துக்கொள்வார்கள்.

தூரத்துச் செவிலி:

நாகர்கோவில் பக்கம் எனக்கு. இப்போது அமெரிக்காவில் டயாலிசிஸ் நர்ஸாக இருக்கிறேன். டாக்டர் சார் சொன்னது எல்லாம் சரி, ஆனால் ஆளுக்கொரு அளவு என்பதை நாம் எப்போதும் நல்ல எண்ணம் என்றே எடுத்துக்கொள்ளக் கூடாது. அக்காவின் அந்தப் பயம், கை கழுவுகிறார்களோ என்பது, அது வீண் பயம் இல்லை.

இங்கே நடந்ததைச் சொல்கிறேன். கிரியேட்டினினை வைத்துக் கிட்னியின் வேகத்தைக் கணக்குப் போடும் சூத்திரம், டாக்டர் சார் 43 என்று சொன்னாரே, அதில் கறுப்பினத்தவர் என்றால் விடையை 1.159-ஆல் பெருக்கு என்று ஒரு வரி இருந்தது. ஒரே வயது, ஒரே கிரியேட்டினின், ஆனால் கறுப்பினத்தவரின் கிட்னி காகிதத்தில் 16 சதவீதம் நன்றாக வேலை செய்யும். இங்கே மாற்றுக் கிட்னிக்குக் காத்திருக்கும் காலம் அந்த அளவு 20-க்கு இறங்கியதிலிருந்துதான் எண்ணப்படும். மற்றவருக்கு 18 என்று வந்து வரிசையில் நிற்கும்போது, இவருக்கு அதே ரத்தத்தில் 21 என்று வந்து வரிசைக்கு வெளியே நிற்பார். 2021-இல்தான் அந்த இனக் கணக்கை எடுத்தார்கள், 2023-லிருந்து பழைய கணக்கால் இழந்த காத்திருப்புக் காலத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். எங்கள் சென்டரில் நாற்காலியில் படுத்திருந்த ஒருவர் அதைச் சொல்லி வந்த கடிதத்தைப் படித்துவிட்டு மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசவே இல்லை. அவர் கையில் ஊசி குத்தியவள் நான்.

இது தூர தேசத்துக் கதை என்று விட வேண்டாம். என் அப்பாவுக்கு 68 வயதில் முதுகு வலி. ஊரில் மூன்று டாக்டர்களிடம் காட்டினோம், மூன்று பேரும் "இந்த வயசுக்கு வலி இருக்கத்தான் செய்யும்" என்று வலி மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். நாலு மாதம் கழித்துக் கால் மரத்துப்போன பிறகுதான் ஸ்கேன் எடுத்தார்கள், முதுகெலும்பில் காசநோய். முப்பது வயதுப் பையன் அதே வலியோடு போயிருந்தால் நாலு மாதம் விட்டிருப்பார்களா?

அதனால் நான் எல்லோரிடமும் சொல்வது, "ஏன் இந்த எண்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். தனியாக இருக்கிறார், கிட்னி 43, ஏற்கெனவே லோ ஆகியிருக்கிறது, நின்றால் பிரஷர் இறங்குகிறது என்று உங்கள் அம்மாவைப் பற்றியே பேசினால் அவர் யோசித்துத்தான் 8 சொல்லியிருக்கிறார். "வயசாச்சு இல்லையா" என்பது மட்டும்தான் பதில் என்றால் வேறு டாக்டரைப் பாருங்கள். இன்னொன்றும் கவனியுங்கள்: 8 என்று சொன்னவர் வருடம் ஒரு தடவை கண் பரிசோதனை, பாதப் பரிசோதனை, சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் போகிறதா என்ற பரிசோதனை இதெல்லாம் எழுதுகிறாரா? எழுதினால் கை கழுவவில்லை.

பழைய ஸ்டெதாஸ்கோப்:

செவிலி அம்மா சொன்ன அந்தப் பெருக்கல் கணக்கை நானும் வருடக்கணக்காகப் பாடப் புத்தகத்தில் பார்த்துக் கேள்வி கேட்காமல் கடந்திருக்கிறேன். உங்கள் அப்பாவுக்கு நேர்ந்ததும் நான் பார்க்காதது இல்லை. ஓபியில் காலையில் நூறு பேர் நிற்கும்போது வயதைப் பார்த்ததும் மனம் முடிவு கட்டிவிடுகிறது, அதற்கு நாங்கள்தான் பொறுப்பு.

கூட்டமாகப் பார்த்து வைக்கும் அளவு சில இடங்களில் நமக்குத் தேவையும்கூட. 41 வயதுத் தம்பி "நான் குண்டு இல்லையே, எனக்கு ஏன் சுகர்" என்று கேட்டிருப்பார் என்று நினைக்கிறேன். உலகம் முழுவதும் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற அளவு, 25-க்கு மேல்தான் எடை அதிகம் என்ற கணக்கு. 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் புனே டாக்டர் யாக்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒரு படம் போட்டார்கள். இரண்டு பேருக்கும் பிஎம்ஐ 22.3. யுட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாக்னிக் உடம்பில் 21.2. நம் ஆட்கள் பார்க்க ஒல்லியாக இருந்துகொண்டே வயிற்றில் கொழுப்பைச் சேர்த்து வைத்திருப்போம். அதனால் இந்தியர்களுக்கு 23-லிருந்தே எடை அதிகம், ஆணுக்கு இடுப்பு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 என்று வைத்திருக்கிறார்கள். வெள்ளைக்காரர்களின் கணக்கை அப்படியே நமக்கும் வைத்திருந்தால் எத்தனையோ பேரை "நீங்கள் நார்மல்" என்று வீட்டுக்கு அனுப்பியிருப்போம்.

லேப் தம்பி சொன்ன ஃபெரிட்டின் மிக முக்கியம். அதை நான்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். கிட்னி பாதிப்பாலும் ரத்தசோகை வரும், இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். 74 வயதில் இரும்புச்சத்துக் குறைவு என்று வந்தால் ரத்தம் எங்கே போகிறது என்றும் தேட வேண்டும், வெறும் சத்து மாத்திரையோடு நிறுத்த விடாதீர்கள்.

செம்பருத்தி:

அக்கா, நான் கோபத்தில் எழுதிவிட்டேன். அப்படி எட்டில் விட ஆரம்பித்தபோது என் அப்பாவுக்கு 46 வயதுதான், உங்கள் அம்மாவோடு ஒப்பிட்டது சரியில்லை. அம்மாவுக்குக் கண் பரிசோதனை இரண்டு வருடம் முன்பு என்று எழுதியிருக்கிறீர்கள், அதை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். சொட்டு மருந்து விட்டு உள்ளே பார்க்கும் பரிசோதனை, கண்ணாடிக் கடையில் பார்ப்பது இல்லை. மதியத்துக்கு மேல் வெளிச்சம் கூசும், கூட ஆள் போக வேண்டும்.

அமராவதிக்கரை:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

லேப் தம்பி சொன்னபடி ஒரு வாரம் எழுதி வைத்தோம். இரவு மாத்திரை இல்லாமலேயே காலை வெறும் வயிற்றில் 108-லிருந்து 131 வரை, சாப்பிட்ட பிறகு அதிகபட்சம் 204. ஃபெரிட்டின் 8, இரும்புச்சத்துக் குறைவுதான். உள்ளே எங்காவது ரத்தம் கசிகிறதா என்று எண்டோஸ்கோபி பார்க்க அடுத்த வாரம் தேதி வாங்கியிருக்கிறோம்.

நோட்டை எடுத்துக்கொண்டு அம்மாவைக் கூட்டிக்கொண்டு பழைய டாக்டரிடமே போனேன். 51-ஐச் சொன்னேன், டப்பா மூடியைச் சொன்னேன், பெரியம்மா பெயரைச் சொன்னதைச் சொன்னேன். ஃபைலை மூடி வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்து, "ஏம்மா என்கிட்டச் சொல்லலை?" என்றார். அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க கஷ்டப்பட்டு நல்லாக்கி வெச்சிருக்கீங்க, கெட்டுப்போச்சுன்னு சொல்ல ஒரு மாதிரியா இருந்துச்சு சார்" என்றார். அவர் கொஞ்ச நேரம் எழுதவே இல்லை.

அவர் இன்னும் 8-க்கு ஒத்துக்கொள்ளவில்லை. 7.5 என்கிறார், ரத்தசோகை சரியாகும் வரை ஹெச்பிஏ1சியைப் பார்க்க வேண்டாம், நோட்டை மட்டும் கொண்டு வா என்கிறார். இரவு மாத்திரை வேண்டாம் என்பதில் இரண்டு பேரும் ஒன்று. பிரஷரை நிற்க வைத்துப் பார்த்தார், அவருக்கும் 114 வந்தது, பாதி மாத்திரையையே தொடரச் சொன்னார். கண்ணுக்கு எழுதிக் கொடுத்தார், அடுத்த வாரமே போகிறோம், நான் லீவு போட்டிருக்கிறேன்.

அந்தச் சர்க்கரை டப்பாவை மாற்றிவிட்டேன். குளுக்கோஸ் பொட்டலத்தின் ஓரத்தைக் கத்தரித்து, ரப்பர் பேண்ட் போட்டு, ஒரு டம்ளர் தண்ணீரோடு அம்மா படுக்கும் பக்கத்து ஜன்னல் திட்டில் வைத்திருக்கிறேன். இருட்டில் கையை நீட்டினால் எட்டுகிறதா என்று விளக்கை அணைத்துவிட்டு இரண்டு தடவை எடுத்துக் காட்டச் சொன்னேன். எடுத்தார்.